சேலத்துக்காரிக்கே துருப்பிடிக்கிற சிங்க்கா?

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லி விற்ற சமையலறை சிங்க் ஐந்தே மாதத்தில் துருப்பிடித்தது பற்றி

வணக்கம்.

போன மாதம் மட்டும் உங்கள் சேவை எண்ணுக்கு நான்கு தடவை பேசிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் வேறொருவர் எடுக்கிறார், நான் கதையை முதலிலிருந்து சொல்கிறேன், கடைசியில் "உங்க ஊர்த் தண்ணி உப்புங்க மேடம்" என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் எழுதி அனுப்புகிறேன். இதையாவது யாராவது ஒருவர் கடைசிவரை படியுங்கள்.

அம்மாபேட்டையில் எங்கள் வீடு மாமனார் காலத்தில் கட்டியது. பழைய சமையலறையில் பாத்திரம் தேய்க்க மூலையில் ஒரு கடப்பாக்கல் தொட்டிதான், முப்பது வருஷம் அதில் குனிந்து குனிந்து என் இடுப்பு போயிற்று. இந்தத் தை மாதம் ஒருவழியாக இடித்துப் புதுசாகக் கட்டினோம். சிம்னி, அலமாரி, டைல்ஸ் எல்லாம் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டார்கள், சிங்க்கை மட்டும் நான்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

சும்மா போய்க் கைகாட்டி வாங்கவில்லை. ஐந்து ரோடு பக்கம் இருக்கும் உங்கள் டீலர் கடைக்குத் தோசைக்கல்லைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கடைப் பையன்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும். இரண்டு தொட்டி வைத்த சிங்க்தான் இப்போது எல்லாரும் வாங்குவதாகச் சொன்னார்கள், கல்லை உள்ளே வைத்துப் பார்த்தால் இரண்டிலுமே படுக்கவில்லை. 24க்கு 18 அங்குலம் என்று எழுதியிருப்பது வெளி விளிம்பின் அளவு, உள்தொட்டி அதைவிடச் சின்னது என்பதும் அங்கே டேப் வைத்து அளந்த பிறகுதான் புரிந்தது. பத்து அங்குல ஆழம் எடுங்கள், தண்ணீர் தெறிக்காது என்றார்கள். எங்கள் மேடை 33 அங்குலம், சுவரில் வேஸ்ட் பைப் போகிற ஓட்டை தரையிலிருந்து 18 அங்குலம். பத்து அங்குலத் தொட்டிக்குக் கீழே கப்ளிங் (தொட்டி ஓட்டையில் மாட்டும் வடிகால் மூடி), பாட்டில் டிராப் (நாற்றம் மேலே வராமல் தடுக்கும் குப்பி) எல்லாம் மாட்டினால் அது சுவர் ஓட்டைக்கும் கீழே இறங்கிவிடும், தண்ணீர் மேலேறியா போகும்? பிளம்பரிடம் கேட்டுக்கொண்டு எட்டு அங்குலமே எடுத்தேன். அப்புறம் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி, தேங்காமல் ஓட்டைக்கு ஓடுகிறதா என்றும் பார்த்தேன். ஓடியது. அந்தச் சரிவும், அடியில் ஒட்டியிருக்கும் ரப்பரும் உண்மையிலேயே நன்றாகச் செய்திருக்கிறீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆக, அளந்து பார்க்க முடிந்ததையெல்லாம் அளந்துதான் வாங்கினேன். தகடு என்ன ரகம் என்று மட்டும் என்னால் பார்க்க முடியாது, அதற்கு உங்கள் ஸ்டிக்கரை நம்பினேன். "304 கிரேடு, 18 கேஜ்" என்று போட்டிருந்தது, கிரேடு என்பது ரகம், கேஜ் என்பது தகட்டின் கனம். பில்லிலும் அப்படியே இருக்கிறது, விலை 11,800 ரூபாய்.

நான்காவது மாதம் கப்ளிங்கைச் சுற்றி டீக்கறை மாதிரி புள்ளிகள். புளி போட்டுத் தேய்த்தால் போகிறது, நான்கு நாளில் திரும்ப வருகிறது. ஐந்தாவது மாதம் மூலை வெல்டிங்கிலும் வந்துவிட்டது. உங்கள் ஆள் வந்தார், பாக்கெட்டிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து வைத்தார், "ஒட்டலை பாருங்க, அசல் 304" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பிளம்பர் குழாய்க்காகச் சிங்க்கில் ஓட்டை போட்டபோது வெட்டி எடுத்த வில்லை, ரூபாய்க் காசு மாதிரி, டிராயரில் கிடந்தது. பழைய குழாய்களைப் போடப் பழைய இரும்புக் கடைக்குப் போனபோது அதையும் எடுத்துப் போனேன். கடைக்காரத் தம்பி, "காந்தம் 202ங்கிற மலிவு ரகத்துலயும் ஒட்டாதுங்கக்கா" என்று சொல்லிவிட்டு, ஒரு சொட்டு மருந்து விட்டு ஒன்பது வோல்ட் பேட்டரியை வைத்தார். சில விநாடியில் சிவந்துவிட்டது. மாங்கனீஸ் அதிகம் இருந்தால்தான் அப்படிச் சிவக்குமாம். பக்கத்திலேயே ஒரு 304 துண்டிலும் வைத்துக் காட்டினார், அது சிவக்கவில்லை.

நீங்கள் விற்றது சேலத்தில் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1981லிருந்து இங்கே இரும்பாலையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு ஓடுகிறது. எங்கள் தெருவில் அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். 304 என்றால் நிக்கல் எட்டு சதவீதமாவது இருக்க வேண்டும், 202இல் அதைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள், நிக்கல் விலை அதிகம் என்பதுதான் காரணம் என்று திண்ணையில் உட்கார்ந்தபடியே சொன்னார். கனம் அளக்கும் வெர்னியர் கருவியை எடுத்து வந்து வில்லையை அளந்தும் பார்த்தார். 18 கேஜ் என்றால் 1.2 மி.மீ. இருக்க வேண்டும், இது 0.9 தான், 20 கேஜ் கணக்கு. கேஜ் நம்பர் கூடினால் தகடு மெலிசு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ரகத்திலும் ஏமாற்று, கனத்திலும் ஏமாற்று.

தண்ணீருக்கு வருகிறேன். ஆமாம், பாத்திரம் கழுவுவது போர் தண்ணீரில்தான், உப்புதான். 1994இல் என் கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் கொடுத்த எவர்சில்வர் குடம் அதே தண்ணீரில்தான் இத்தனை வருஷமும் கழுவப்படுகிறது, ஒரு பொட்டுத் துரு கிடையாது. அடுத்து ஆசிட் என்பீர்கள். ஆசிட் பட்டால் 304உம் கெடும் என்று எனக்கும் தெரியும், அதனால்தான் கொத்தனார் டைல்ஸை ஆசிட் போட்டுக் கழுவி முடித்து இரண்டு நாள் கழித்தே சிங்க்கைப் பொருத்தச் சொன்னேன்.

எனக்கு வேண்டியது இதுதான். பில்லில் உள்ளபடி அசல் 304, 18 கேஜ் சிங்க், தகட்டின் சோதனைச் சான்றிதழோடு. அளவு இம்மி மாறக்கூடாது, கிரானைட் இதே அளவுக்கு வெட்டியாகிவிட்டது, மாறினால் மேடையையே பெயர்க்க வேண்டும், அந்தச் செலவும் உங்கள் தலையில்தான். கழற்றி மாட்டும் கூலி 2,500 ரூபாயும் நீங்கள்தான் தர வேண்டும். முடியாதென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். 15 நாள் பார்ப்பேன். அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டு, சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே புகார்க் கட்டணம் கிடையாது என்பதையும் விசாரித்து வைத்திருக்கிறேன்.

பில் நகல், துருவின் படங்கள், சோதனையை எடுத்த வீடியோ எல்லாம் இணைத்திருக்கிறேன். வில்லையை அனுப்ப மாட்டேன், அது என்னிடமே இருக்கும். ஆள் அனுப்புவதென்றால் மாலை நான்கு மணிக்கு மேல் அனுப்புங்கள், காந்தம் வேண்டாம்.

இப்படிக்கு,
அம்மாபேட்டை வாடிக்கையாளர்