காசு வாங்கிக்கோ, கண்ணு

தோட்டப்பாளையம், வேலூர்
கத்திரி ஆரம்பிச்ச மூணாம் நாள்

கண்ணு,

நேத்து போன்ல நீ கேட்டதுக்கு நான் சரியா பதில் சொல்லல. அப்பா பக்கத்துல உக்காந்து டிவி சத்தத்தைக் கூட்டி வச்சிருந்தார். அதான் எழுதறேன். எதிர் வீட்டுப் பையன் இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பி வைப்பான்.

"மூணு மாசமா அந்தப் பொண்ணோட குழந்தையைச் சும்மாதானேம்மா பாத்துக்கறேன். இப்ப இந்த நியூசிலாந்துச் சட்டப்படி முறையா பதிஞ்சு, வீட்லயே பிள்ளைங்களைப் பாத்துக்கறதையே வேலையா எடுத்துட்டு, அவகிட்டயே காசு வாங்கறதுன்னா ஒரு மாதிரி இருக்கு"ன்னு சொன்ன. அந்த 'ஒரு மாதிரி' எனக்கு நல்லாத் தெரியும். அது கூச்சம். நானும் அந்தக் கூச்சத்துல ஏழு மாசம் ஓட்டினவதான்.

1995-ல உனக்கு மூணு வயசு. மாடி போர்ஷன்ல சி.எம்.சி. ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்த கோட்டயத்துப் பொண்ணு குடி வந்தா. புருஷன் துபாய்ல. பிள்ளையைப் பாத்துக்க வந்த அவ அம்மாவுக்கு ஊர்ல ஏதோ காரியம், கிளம்பிட்டாங்க. எட்டு மாசக் கைக்குழந்தை. அங்கன்வாடியில அந்த வயசுல விட முடியாது. "ஒரே ஒரு வாரம் சேச்சி"ன்னு கையைப் பிடிச்சா. அந்த ஒரு வாரம் ஏழு மாசமாச்சு. ஞாயித்துக்கிழமை ஒரு கிண்ணம் மீன் கறி வரும், ஊருக்குப் போய்ட்டு வந்தா நேந்திரங்காய் சிப்ஸ் வரும். காசுப் பேச்சு வந்தாலே நான் காதைப் பொத்திக்குவேன். குழந்தையைப் பாத்துக்க யாராவது கூலி கேப்பாங்களான்னு எனக்கு ஒரு பெருமை வேற.

அந்த வருஷம் கோடையில தண்ணி வர்ற நாளே கணக்கு. வந்தா அண்டா, டிரம், பக்கெட்டு, ஒரு சொம்பு விடாம பிடிச்சு வைப்போம். கூடத்துலயே ஒரு பக்கெட்டு நின்னுச்சு. பாதிகூட இல்ல, ஒரு சாண் தண்ணிதான். அடுப்புல பால் பொங்குதேன்னு நான் உள்ள போனேன். ரெண்டு நிமிஷம் இருக்குமா? நீ வந்து முந்தானையை இழுத்தே. "அம்மா, பாப்பா தலைக்கு ஊத்திக்குது."

ஓடினேன். பக்கெட்டு விளிம்பைப் பிடிச்சு நின்ன குழந்தை தலைகுப்புற உள்ள. அந்த வயசுல உடம்பு அளவுக்குத் தலை ரொம்ப பாரம், விழுந்தா தானா எழுந்திருக்க முடியாது. சத்தமும் வராது. தூக்கினேன். இருமிச்சு, வாந்தி எடுத்துச்சு, அப்புறம் அழுதுச்சு. அந்த அழுகையைக் கேட்டப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய்க் காட்டினோம், ஒண்ணும் ஆகல. உனக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்காது. அந்தப் பிள்ளை இன்னிக்கு இருக்கறது உன்னாலதான்.

நான் சொல்ல வந்தது அதுக்கப்புறம் நடந்தது. சாயங்காலம் அவ டூட்டி முடிச்சு வந்தா. ஒண்ணும் மறைக்காம சொன்னேன். பிள்ளையைக் கட்டிக்கிட்டு அழுதா. என்னை ஒரு வார்த்தை சொல்லல. மறுநாள் காலையில அதே நேரத்துக்கு அவனைக் கொண்டுவந்து என் கையில கொடுத்துட்டு, முகத்தைப் பாக்காம படி இறங்கிப் போனா.

திட்டியிருந்தா பரவாயில்ல கண்ணு. சும்மா பாத்துக்கறவளை எப்படித் திட்டறது? அந்த வாயை நான்தான் கட்டிப் போட்டிருக்கேன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. சும்மா செய்யறேன்ங்கற தைரியத்துலதான் நானும் பாலுக்கு ஒரு கண்ணு, பிள்ளைக்கு ஒரு கண்ணுன்னு இருந்திருக்கேன். அந்த மாசக் கடைசியில நானே கேட்டேன், மாசம் 300 ரூபாய்னு. அவ முகத்துல ஒரு நிம்மதி வந்துச்சு பாரு! மறு வாரமே "சேச்சி, நகம் வெட்டி விடலையே"ன்னு கேட்டா. கேக்கட்டும்னுதானே காசு வாங்கினேன்.

அதுலேர்ந்து பால் காய்ச்சறது, குழம்பு வைக்கறது எல்லாம் பிள்ளை வர்றதுக்கு முன்னாடி. பக்கெட்டெல்லாம் கவுத்து வைப்பேன், டிரம்முக்கு மூடி, மூடி மேல அம்மிக்கல்லு. உங்க வீட்ல டிரம் இருக்காது, ஆனா குளிக்கற தொட்டி இருக்கு. மறக்காதே.

உங்க அத்தை "ஆயா வேலை பாக்கறா"ன்னு ஊரெல்லாம் சொன்னாங்க. நம்ம பக்கத்துல ஆயான்னா பாட்டியும்தான். எந்த ஆயாவைச் சொல்றீங்கன்னு கேக்க எனக்கு அப்ப வாய் வரல. இப்ப கேக்கலாம், அவங்க இல்ல.

நீ சொன்ன அந்த ஊர்ச் சட்டமெல்லாம் கேட்டு எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்துச்சு. ஒரு ஆளுக்கு நாலு பிள்ளைக்கு மேல கூடாது, முதலுதவி படிச்சிருக்கணும், மாசம் ஒரு தடவை ஒருத்தங்க வீட்டுக்கே வந்து பிள்ளைங்களையும் பாத்து உனக்கும் சொல்லித் தருவாங்கன்னு சொன்னியே, எனக்கு அப்படி யார் வந்தா? ஒரு கட்டத்துல ஏழு பிள்ளைங்க வரைக்கும் வச்சிருந்தேன். தப்பு. ஏழு பேர்ல ரெண்டு பேர் அழுதா மீதி அஞ்சு பேரு சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கும். வீட்ல இருக்கற பெரியவங்க எல்லாரையும் போலீஸ் விசாரிக்குமேன்னு மாப்பிள்ளை சங்கடப்படறாராமே. இதுல என்ன சங்கடம்? பெத்தவங்க கேக்கக் கூசற கேள்வியை அவங்களுக்குப் பதிலா போலீஸ் கேக்குது.

அந்தப் பாடத்திட்டத்துக்கு ஏதோ பேர் சொன்னியே, தே ஃபாரிக்கி. அங்க பூர்வகுடிங்க பேசற மாவோரி மொழியில பாய்னு அர்த்தம்னு சொன்னதும் சிரிச்சுட்டேன். என்கிட்ட வந்தவாசிக் கோரைப்பாய் ரெண்டு இருந்துச்சு, அதுதான் என் பள்ளிக்கூடம். 1996-லேயே ஒரு நாட்டு அரசாங்கம் சின்னப் பிள்ளைங்களுக்குப் பாடம் எழுதி அதுக்குப் பாய்னு பேர் வச்சிருக்கு. நான் அப்ப அந்தப் பாயில மூத்திரம் அலசிட்டு இருந்தேன்.

இப்ப உன்கிட்ட பிள்ளையை விடற அந்தப் பொண்ணுகிட்ட காசு எப்படிக் கேக்கறதுன்னு சொல்றேன். வாயால கேக்காதே, எழுதிக் கொடு. எத்தனை மணிக்கு விடணும், எத்தனை மணிக்குக் கூட்டிட்டுப் போகணும், லேட்டானா எவ்வளவு, காய்ச்சல்னா கொண்டு வரக்கூடாது, எல்லாம் அதுல இருக்கட்டும். லேட்டாகறதுதான் பெரிய வம்பு. "அஞ்சு நிமிஷம் ஆன்ட்டி"ன்னு ஒருத்தர் ஒன்றரை வருஷம் தினமும் ஒரு மணி நேரம் எடுத்துக்கிட்டார். பிள்ளைக்கு மூணு வயசானா வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு அரசாங்கமே கொடுக்குதுன்னு சொன்னியே, அதையும் அவளுக்கு விளக்கிச் சொல்லு. பாதிக் கூச்சம் அங்கேயே தீர்ந்துடும்.

விட்டுட்டுப் போறப்ப யாரையும் பிள்ளைக்குத் தெரியாம நழுவ விடாதே. சொல்லிட்டுப் போகட்டும். அழும், பத்து நிமிஷத்துல நிக்கும். நழுவிப் போனா நாள் பூரா வாசலையே பாத்துட்டிருக்கும்.

வாசல்னு எழுதினதும் ஒண்ணு வருது. இவ்வளவு நாள் உன்கிட்ட சொன்னதில்ல. உனக்கு நாலு வயசு. ஒரு சாயங்காலம் ஒவ்வொரு பிள்ளையா பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டு இருக்கு. திரும்பிப் பாத்தா நீயும் உன் பையை மாட்டிக்கிட்டு வாசப்படியில உக்காந்திருக்கே. "இன்னாடி பண்றே?"ன்னேன். "எங்கம்மா டூட்டி முடிச்சு வருவாங்க"ன்னே. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அப்பாகிட்ட, அத்தைகிட்ட, தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சேன். நீ காலேஜுக்குச் சென்னை போன அன்னிக்கு, காட்பாடி ஸ்டேஷன்ல ரயில் நகர்ந்தப்புறம்தான் அந்தப் பை ஞாபகம் வந்து அழுதேன். உன் காலேஜ் பீஸ்ல பாதி அந்தப் பிள்ளைங்க காசு. அதைச் சொல்லி இதை நேர் பண்ண முடியாதுன்னு தெரியும்.

உன் குட்டிக்கும் இப்ப அதே வயசு. அவளுக்குன்னு இருந்த உன் மடியை நாலு பேர் பங்கு போடப் போறாங்க. அவளுக்குன்னு ஒரு டப்பா வை, அதை யாருக்கும் கொடுக்கச் சொல்லாதே, விருந்தாளிப் பிள்ளைன்னு சொல்லிக்கூட. கடைசிப் பிள்ளை போனதும் ஏப்ரனைக் கழட்டிப் போட்டுட்டு ஒரு தடவை கதவுக்கு வெளிய போய்ட்டு உள்ள வா. அவளைக் கூட்டிட்டுப் போக வந்தவ மாதிரி வா.

பல்லாங்குழிப் பலகையைத் துடைச்சு வச்சிருக்கேன். மரச்சாமான்னு எழுதிக் காட்டணும், விதை எதுவும் அந்த நாட்டுக்கு அனுப்பக் கூடாதுன்னு கூரியர்க்காரர் சொல்றார், அதனால புளியங்கொட்டை வராது. அங்க கடற்கரையில சின்னச் சிப்பியா பொறுக்கிக்கோ. மூணு வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளை வந்தா மேல தூக்கி வச்சுடு, வாயில போட்டுக்கும்.

எவ்வளவு கேட்டேன்னு எழுது. கம்மியா கேட்டிருந்தா நான் கண்டுபிடிச்சுடுவேன்.

அம்மா