போர்டு வேண்டாம் மாப்ளே, நீ வா

அம்பாசமுத்திரம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைச்சுது. வீட்ல எல்லாரும் சொகம். அம்மாவுக்கு முட்டுவலி இப்போ தேவலை. பாபநாசம் பக்கம் நல்ல சாரல், கார் நெல் நடவு மும்முரமா நடக்கு.

நம்ம செட்டுக்காரங்க காசு சேர்த்து, நான் வேலை பாக்கிற பள்ளிக்கு பெரிய தொடுதிரை போர்டு வாங்கித் தாரதா எழுதியிருந்த. மனசு நிறைஞ்சு போச்சு. ஆனா உரிமையோட சொல்லுதேன், அதை வாங்காதீங்க.

சாதனம் வந்துக்கிட்டுத்தான் இருக்கு. 2018-ல புதுப் பாடப்புத்தகத்துல க்யூஆர் கோடு வந்துச்சு, 2019-ல கல்வித் தொலைக்காட்சி. அப்புறம் ஹைடெக் லேப், ஸ்மார்ட் வகுப்பறை, ஆசிரியருக்கு டேப்லெட். குறை வேற இடத்துல இருக்கு. பயிற்சி ஒருநாள் ஏதோ ஒரு கூடத்துல முடிஞ்சிரும். மறுநாள் வகுப்புல டீச்சர் தனியா நிக்கணும். அத்தனை பிள்ளைகளும் பாத்துக்கிட்டு இருக்கையில திரையில படம் வரலன்னா, அப்புறம் அந்தப் பக்கம் போகவே மனசு வராது. அதைச் சோம்பேறித்தனம்னு சொல்லுதவங்க மேல எனக்குக் கோவம் கோவமா வருது.

எங்க அஞ்சாம் வகுப்பு டீச்சர் மவுசைத் தொடவே தயங்குவாங்க. புதுசா வந்த அறிவியல் சார் அவங்க பாடவேளையில கூடப்போய் உக்காந்தார். பாடம் டீச்சரோடது, இவர் கைக்குத் துணை மட்டும். தாமிரபரணி பாடத்துக்குச் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, பொதிகையில இருந்து புன்னைக்காயல் வரைக்கும் ஆத்தோடயே போனாங்க. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன்னு எட்டு அணைக்கட்டையும் பிள்ளைகளே தேடிப் பிடிச்சுது. கன்னடியன் கால்வாய் பிரியுத இடத்தைக் கண்டதும் "எங்க வயலுக்கு வார தண்ணி டீச்சர்!"னு ஒருத்தி எந்திரிச்சே நின்னுட்டா. அணையை ஏன் அந்த இடத்துல கட்டினாங்க, கடைமடைக்குத் தண்ணி ஏன் பிந்திப் போகுதுன்னு டீச்சர் தொடர்ந்து கேட்டாங்க பாரு, அந்தக் கேள்விகளை எந்த ஆப்பும் கேக்காது. இப்போ சார் இல்லாமலே திறக்காங்க.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல இதை முன்னமே செஞ்சிருக்காங்க. 2001-ல தொடங்கின ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்துல, ஆசிரியர்களையே பயிற்சியாளர்களா ஆக்கி, மத்த ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வெச்சாங்க. கம்ப்யூட்டரை இயக்குத விலையில்லாத லினக்ஸ் மென்பொருள்ல பள்ளிகளைப் பழக்கினாங்க. 2018-ல 'லிட்டில் கைட்ஸ்'னு மாணவர் மன்றமும் வந்துச்சு; ஹார்டுவேர், அனிமேஷன்னு பிள்ளைகளே கத்துக்கிடுதாங்க.

எங்களுக்கு வேண்டியது ஆள். லீவுல வரும்போது நாலு நாள் பள்ளியில இரு. பாடம் நடத்த வேண்டாம், டீச்சர் பக்கத்துல உக்காந்தா போதும். நீ திரும்பிப் போனபிறகு, சந்தேகம்னா போன் எடுக்க உங்களுக்குள்ள முறை வெச்சுக்கோங்க. சேர்த்த காசு யுபிஎஸ் பேட்டரிக்கும் ப்ரொஜெக்டர் ரிப்பேருக்கும் இருக்கட்டும். அதுக்குத்தான் யாரும் தாரதில்ல.

நெட் இங்க நினைச்சா வரும், நினைச்சா போகும். கொலராடோ பல்கலைக்கழகம் 2002-ல தொடங்கின 'ஃபெட்'ல, திரையிலயே மாத்தி மாத்திச் செஞ்சு பாக்குத கணித, அறிவியல் செயல்முறைகள் தமிழ்லயும் இருக்கு. இறக்கி வெச்சுக்கிட்டா நெட் இல்லாமலும் ஓடும். பென்டிரைவ்ல கொண்டா. பின்னம் உள்ளதை மறந்திராத, ஆறாம் வகுப்புல பாதிப்பேர் அதுலதான் தடுக்கி நிக்காங்க.

ஆடி அமாவாசைக்கு வருவேல்லா? அதுக்கு முந்தின வாரமே வந்திரு. தேதியை எழுது, தலைமையாசிரியர்கிட்ட பேசி வைக்கேன்.

அன்புடன்,
உன் மச்சான்