கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்ளும் பி.இ.டி. பீரியட்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளைக்குக் கிட்டப்பார்வை, கண்ணாடி பவர் ஏறிவிட்டது என்றதும் பெற்றோர் முதலில் செல்போனைப் பிடுங்கி வைக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பிடுங்கிய கையோடு டியூஷனில் கொண்டுபோய் உட்கார வைத்தால் கண்ணுக்கு என்ன லாபம்? டியூப்லைட் போட்ட வகுப்பறையில் வெளிச்சம் 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருந்தால் அதிகம். வெயில் நாளில் வெட்டவெளியில் அது பத்தாயிரங்களில் இருக்கும்; வேப்பமர நிழலில்கூட ஆயிரங்களில் கிடைக்கும். அந்த வெளிச்சத்தில் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் கூடுதலாகச் சுரந்து, கண்கோளம் அளவுக்கு மீறி நீளாமல் பார்த்துக்கொள்கிறது என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். கோளம் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால் ஏறக்குறைய மைனஸ் இரண்டரை பவர். நீண்டது பிறகு சுருங்காது. உள்ளரங்கில் ஷட்டில் ஆடினால் உடம்புக்கு நல்லது, கண் கணக்கில் அது சேராது.

சீனாவின் குவாங்சோ நகரில் 2010 முதல் மூன்று ஆண்டுகள் 12 பள்ளிகளின் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். பாதிப் பள்ளிகளில் மட்டும் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். அங்கே புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் சுமார் 30 விழுக்காடு. மற்றப் பள்ளிகளில் 39.5. நாற்பது நிமிடம் என்பது நம் பள்ளிகளில் ஏறத்தாழ ஒரு பீரியட். அந்த பி.இ.டி. விளையாட்டுப் பீரியடைத்தான் "போர்ஷன் முடியல சார்" என்று கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்கிறார். பத்தாம் வகுப்பு என்றால் கேட்கவே வேண்டாம்.

தலைமையாசிரியர்கள் இதை நிறுத்த வேண்டும். இடைவேளை மணி அடித்ததும் வகுப்பறையைக் காலி செய்து கதவைச் சாத்தினாலே தினமும் அரைமணி வெளிச்சம் சேரும். செலவு கிடையாது.

வீட்டில் மாலை நாலரை முதல் ஆறு வரை விளையாட்டு, டியூஷன் அதன்பிறகு. "போய் விளையாடு" என்று தனியாக அனுப்பினால் பத்து நிமிடத்தில் திரும்பி வந்து போனைக் கேட்கும்; தெருவில் நாலு வீட்டார் பேசி ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும். சித்திரை, வைகாசியில் 11 முதல் 3 வரை வேண்டாம். காலை ஏழு மணிக்கு விடலாம். தொப்பி போட்டாலும் போதிய வெளிச்சம் கிடைக்கும். பாண்டி, கோகோ, கபடி எதுவும் சரி. கில்லியில் மட்டும் எச்சரிக்கை தேவை: இரு முனையும் சீவிய புள் எழும்பி வரும் உயரம் சரியாகக் குழந்தையின் முகம். அடிப்பவருக்கு எதிரே சின்னப் பிள்ளைகளை நிறுத்தக் கூடாது.

ஏற்கெனவே கண்ணாடி போட்ட பிள்ளைக்கு விளையாட்டால் பவர் இறங்காது. அதற்காகக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆடச் சொல்வதும் தவறு. பாலிகார்பனேட் லென்ஸ் போட்டு, பின்னால் ஒரு எலாஸ்டிக் பட்டை மாட்டி அனுப்புங்கள்.

– கண் பரிசோதகர், திருச்சி