நாடா சிக்கிய இடம்

அன்பு மகளுக்கு,

நேற்று வீடியோ காலில் நீ பேசிக்கொண்டிருந்தபோது, பின்னால் உன் பிள்ளை பொம்மையை உருட்டியபடி ஒரு பாட்டை முனகினான், கவனித்தாயா? சரணத்தின் இரண்டாவது வரியில் பாதியில் நின்று, ஒரே தாவில் அடுத்த வரிக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு நீ சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

அந்தத் தாவல் பாட்டில் கிடையாது. நம் கேசட்டில் இருந்தது. டேப் ரெக்கார்டர் ஒருநாள் நாடாவைத் தின்றுவிட்டது. பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றி வெளியே எடுத்தேன். கசங்கிய பகுதியை, ஒரு சாண் இருக்கும், கத்தரித்துவிட்டு ஒட்டினேன். கேசட்டில் நாடா விநாடிக்கு ஐந்து சென்டிமீட்டர்கூட ஓடாது. ஆக, நாலைந்து விநாடிப் பாட்டு போயிற்று. மறுபக்கத்துப் பாட்டு ஒன்றுக்கும் அதே கதிதான். பாவம், அதை யாரும் தேடவில்லை.

நீ கற்றுக்கொண்டது அந்த ஒட்டுப்போட்ட பாட்டைத்தான். கல்லூரிக்குப் போன பிறகு முழுசாகக் கேட்டுவிட்டு, “அப்பா, இதில் தப்பாகப் பாடியிருக்கிறார்கள்” என்று போன் செய்தாயே!

உன்னை உட்காரவைத்து, “இதைக் கேள், இதுதான் இசை” என்று நான் போட்டதெல்லாம் எங்கே போயிற்று? பாட்டு வகுப்புக்கு அனுப்பினேன், அழுதாய், நிறுத்தினேன். சட்டைக்கு இஸ்திரி போடும்போது எனக்காக ஓடவிட்டது மட்டும் உன்னிடம் தங்கிவிட்டது. என் அப்பாவும் எனக்கு எதையும் சொல்லித்தரவில்லை. அவர் சவரம் செய்யும்போது ரேடியோ பாடும், அவ்வளவுதான். இன்றும் அந்தப் பழைய பாட்டுகள் வந்தால் என் கை தானாகத் தாடையைத் தடவுகிறது.

2013-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கரோல் கிரம்ஹான்ஸ்ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். இருபது வயதுக்காரர்களுக்குப் பல பத்தாண்டுகளின் பிரபலமான பாட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். தங்கள் காலத்துப் பாட்டோடு மட்டுமல்ல, பெற்றோர் இளைஞர்களாக இருந்த 1980-களின் தொடக்கத்துப் பாட்டுகளோடும் அவர்களுக்குச் சொந்த நினைவுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. 1960-களின் பாட்டுகளோடும் அப்படி நினைவுகள் கூடுதலாக இருந்தன. அது தாத்தா பாட்டியின் வேலையாக இருக்கலாம், அல்லது அந்தப் பாட்டுகளே அவ்வளவு நன்றாக இருந்திருக்கலாம் என்றார்கள். நான் தாத்தா பக்கம்தான், கேட்கவா வேண்டும்!

சரி, என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வயதில் நீ கேட்டதை “இரைச்சல்” என்று கத்தினேன். என் அப்பா என்னிடம் சொன்ன அதே வார்த்தை. அப்புறம் நீ இயர்போனுக்குள் போய்விட்டாய். 1979-இல் வாக்மேன் வந்ததிலிருந்து எல்லா வீட்டிலும் நடந்ததுதான், ஆனால் நம் வீட்டில் உன்னை விரட்டியது நான். அதன் பிறகு நீ என்ன கேட்டாய் என்றே எனக்குத் தெரியாது. அவனுக்காவது அதையெல்லாம் ஸ்பீக்கரில் போடு. கேள் என்று சொல்லாதே, உன் பாட்டுக்கு வேலையைப் பார்.

அந்தக் கேசட் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. போட்டுக் கேட்கத்தான் கருவி இல்லை. அந்தப் பாட்டை முழுசாக இப்போதைக்கு அவனுக்குப் போட்டுக் காட்டாதே, என்ன?

அன்புடன்,
அப்பா