‘துக்க வேளையில் கேள்வி’ என்ற தலையங்கம் குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காஷ்மீரின் பஹல்காமில் பயங்கரவாதிகள் நடத்திய படுகொலை பற்றித் தாங்கள் எழுதிய தலையங்கத்தின் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடே. ஆனால், ‘நாடு துக்கத்தில் இருக்கும்போது கேள்வி கேட்பது கருத்துச் சுதந்திரத்தில் சேராது’ என்ற ஒரு வரியை, முப்பது ஆண்டுகளாகத் தங்கள் இதழைப் படித்துவரும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

2025 ஏப்ரல் 22 அன்று கொல்லப்பட்ட 26 பேரில் மூவர் மும்பையை அடுத்த எங்கள் டோம்பிவிலியைச் சேர்ந்தவர்கள். அஞ்சலி செலுத்தத் திரண்ட கூட்டத்தில் நானும் என் மனைவியும் நின்றிருந்தோம். எங்களுக்கு முன்னால் நின்ற மூதாட்டி ஒருவர், அவ்வளவு சுற்றுலாப் பயணிகள் போகிற புல்வெளியில் ஒரு போலீஸ்காரர்கூட இல்லையா என்று மராத்தியில் கேட்டுக் கேட்டு அழுதார். உயிரிழந்தவர்களின் குடும்பத்தாரும் அதையேதான் கேட்டார்கள். அவர்களுக்குப் பேச உரிமையில்லை என்று தாங்கள் மனதறிந்து எழுதியிருக்க மாட்டீர்கள். ஆனால் அச்சில் வந்த வரிக்கு அதுதான் பொருள்.

பயங்கரவாதத் தாக்குதலின்போது பேச்சுக்கு எல்லை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. மும்பையைப் பயங்கரவாதிகள் தாக்கிய 2008 நவம்பர் 26 இரவு, தென் மும்பை விடுதி ஒன்றின் சமையலறையில் வேலை பார்த்த என் தங்கை மகன், சாமான்கள் வைக்கும் அறையில் ஒளிந்துகொண்டு கைபேசியில் எங்களிடம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தான். அதே நேரத்தில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் ஒரு செய்தியாளர், விருந்தினர்கள் எந்தப் பக்கம் பதுங்கியிருக்கிறார்கள் என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். என் தங்கை எழுந்து போய்ப் பெட்டியை அணைத்தாள். அணைத்து என்ன பயன்? தாக்குதலுக்குள்ளான நரிமன் ஹவுஸ் கட்டடத்தின் மாடியில் கமாண்டோக்கள் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கியதும் நேரலையாகவே வந்தது. இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டே எல்லைக்கு அப்பாலிருந்து கொலையாளிகளுக்குத் தொலைபேசியில் கட்டளையிட்டவர்களைப் பற்றி, உயிருடன் பிடிபட்ட பயங்கரவாதி கசாபின் வழக்கில் 2012 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எடுத்துச் சொல்லி, பேச்சுரிமையைக் காட்டி அந்த ஒளிபரப்பை நியாயப்படுத்த முடியாது என்றது. அதே இரவில் மும்பையின் சிஎஸ்டி ரயில் நிலையத்தில் ஓர் அறிவிப்பாளர், குண்டு பாயும் தூரத்தில் அமர்ந்து ஒலிபெருக்கியில் விடாமல் எச்சரித்துப் பயணிகளை வெளியேற்றினார். உயிரைக் காத்த பேச்சும் உயிருக்கு உலை வைத்த பேச்சும் எது எது என்று அன்றே இந்த ஊர் பார்த்துவிட்டது.

அந்த நேரலைகளைத் தடுக்கும் விதி வர 2015 ஆயிற்று. ஆனால் 2012 நவம்பரில், பால் தாக்கரேயின் மறைவுக்காக மும்பை ஏன் முடங்க வேண்டும் என்று முகநூலில் எழுதிய பால்கர் இளம்பெண்ணும், அதற்கு விருப்பக்குறி இட்ட தோழியும் உடனே கைது செய்யப்பட்டார்கள். அப்போது நான் எழுதிய கடிதத்தைத் தாங்கள் வெளியிடவில்லை; காரணமும் சொல்லவில்லை. பின்னர் 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இணையத்தில் எழுதுபவர்களைக் கைது செய்ய வழிவிட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையே செல்லாது என்று அறிவித்து, விவாதிப்பதும் ஆதரித்துப் பேசுவதும் வேறு, தூண்டுவது வேறு என்று பிரித்துக் காட்டியது தாங்கள் அறியாததல்ல. கூட்டத்தில் அழுத அந்த மூதாட்டி யாரைத் தூண்டினார்?

என் வேண்டுகோள் சிறியது. அரசியல் சட்டத்தின் 19(2) உட்பிரிவைத் தமிழில் முழுமையாக, ஒரு சொல்லும் விடாமல், அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிடுங்கள். பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தத்தக்க காரணங்கள் அத்தனையும் அதில் இருக்கின்றன. துக்கம் அவற்றில் ஒன்றா என்று வாசகர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
டோம்பிவிலி கிழக்கு