வெந்நீரா, நீராவியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த ‘ஒரு பங்கு கரண்ட், மூன்று பங்கு வெப்பம்’ கட்டுரையைப் படித்தேன். ஒரு பங்கு கரண்ட் கொடுத்தால் மூன்று பங்கு வெப்பம் தருவதாகச் சொல்லப்பட்ட, இத்தாலிக்காரர் ஆண்ட்ரியா ரோஸ்ஸியின் ‘இ-கேட்’ கருவிக்குள் நிக்கலும் ஹைட்ரஜனும் என்ன செய்கின்றன என்று அரைப் பக்கம் எழுதியவர், வெளியே வந்த வெப்பத்தை எப்படி அளந்தார்கள் என்பதற்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. என் சந்தேகமெல்லாம் அங்கேதான்.

2011 ஜனவரியில் இத்தாலியின் பொலோனியா நகரில் நடந்த செயல்விளக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கருவிக்குள் தண்ணீர் போகிறது, மறுபக்கம் தெர்மாமீட்டர் 101 டிகிரி காட்டுகிறது, 100-ஐத் தாண்டிவிட்டதால் போன தண்ணீர் அத்தனையும் ஆவியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு சுமார் 12 கிலோவாட் வருகிறது என்றார்கள். நான் குன்னூரில் தேயிலை ஃபேக்டரி பாய்லர் பக்கமே காலம் தள்ளியவன். இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஊட்டியில் அதைவிடக் குறைவு, குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. அழுத்தம் மாறினால் கொதிநிலையும் மாறும், அவ்வளவுதான் விஷயம். குழாயில் அழுத்தம் நூற்றுக்கு நாலு பங்கு ஏறினாலே கொதிநிலை ஒரு டிகிரி கூடிவிடும், அப்போது பாதி தண்ணீராகவே வெளியே வந்தாலும் தெர்மாமீட்டர் அதே 101-ஐத்தான் காட்டும்.

இது சில்லறை வித்தியாசம் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 335 கிலோஜூல் போதும், அதை முழுக்க ஆவியாக்க இன்னும் 2,260 வேண்டும். ஆவி காய்ந்திருக்கிறதா என்று பார்க்க அவர்கள் வைத்ததோ காற்றின் ஈரப்பதம் அளக்கும் கருவி, ஆவியோடு வரும் நீர்த்துளி அதன் கண்ணில் படாது. ஹோஸை ஒரு டிரம் பச்சைத் தண்ணீருக்குள் விட்டு, எடை எவ்வளவு கூடியது, சூடு எவ்வளவு ஏறியது என்று பார்த்திருந்தால் கணக்கு அங்கேயே தீர்ந்திருக்கும். எங்கள் பாய்லர்மேன் செய்துகாட்டுவார்.

சரி, இதே கருவிக்கு சுவிட்சர்லாந்தின் லுகானோவில் நடந்த சோதனைக்கு வருவோம். ‘பேராசிரியர்கள் 32 நாள் சோதித்தார்கள்’ என்பதோடு கட்டுரை நின்றுவிடுகிறது. 2014-ல் வெளியான அந்த அறிக்கையில் வெப்பத்தை அளந்தது அகச்சிவப்பு கேமரா. அதில், பரப்பு எவ்வளவு வெப்பத்தைக் கதிராக விடுகிறது என்பதற்கு ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டும். கருவியின் அலுமினா (ஒருவகைப் பீங்கான்) உறைக்கு அவர்கள் போட்டது 0.4-ஐ ஒட்டிய எண், அந்தக் கேமரா பார்க்கும் அலைநீளத்தில் அலுமினாவுக்கு 0.9-க்கு மேல் வர வேண்டும். எண்ணைக் குறைத்துப் போட்டால் கேமரா சூட்டைக் கூட்டிக் காட்டும், கதிர்வீச்சோ வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறுவது. எண்ணைத் திருத்திக் கணக்குப் போட்டவர்களுக்கு அந்த மூன்று பங்கு கிட்டத்தட்ட ஒரு பங்காகவே சுருங்கிவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க, எரிபொருள் இல்லாத வெறும் கருவியை 450 டிகிரி வாக்கில்தான் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள், நிஜ ஓட்டமோ 1,200-க்கு மேல்! அப்புறம், எரிபொருளைப் போடும்போதும் எடுக்கும்போதும் ரோஸ்ஸி கூடவே இருந்தார் என்று அறிக்கையே சொல்கிறது.

இந்தக் கருவி அமெரிக்காவில் வழக்காகி 2017-ல் சமரசத்தில் முடிந்ததையும் கட்டுரையில் காணோம்.

கட்டுரையாளரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டு, பதிலை அதே பக்கத்தில் போடுங்கள்: பொலோனியாவில் வந்த ஆவியைக் குளிரவைத்து எடை பார்த்தவர் யார்? லுகானோ கேமராவுக்கு அந்த எண்ணை எந்தச் சோதனையை வைத்துக் கொடுத்தார்கள்?

இப்படிக்கு,
வாசகர், குன்னூர்.