முழங்காலைத் தாண்டும் கோடு

கோத்தகிரி

அன்பு மகளுக்கு,

பாப்பா கால் போட்டோ கிடைத்தது. மெழுகு பூசினாற்போல மினுங்கும் கோடு, ஓரத்தில் ஊதா நிறம்: டாக்டர் சொன்ன 'லீனியர் மார்ஃபியா'வேதான், தோல் கோடாக இறுகும் நோய். இதையும் ஸ்க்லீரோடெர்மா (தோல் இறுகல்) வகை என்றதும் பயந்துவிடாதே. நுரையீரல், சிறுநீரகம் வரை போகிற நோய் வேறு, இது வேறு. ஒட்டவும் ஒட்டாது, பள்ளிக்கூடத்திலும் அதைச் சொல்லிவிடு.

பெரியவர்களுக்கு வயிற்றிலோ முதுகிலோ மேலோட்டமாக ஒரு திட்டு வந்தால் டாக்ரோலிமஸ் களிம்பும் ஒளிச் சிகிச்சையுமே பெரும்பாலும் போதும். பாப்பாவுக்கு அது போதாது. கோடு முழங்காலைத் தாண்டுகிறது; அடியில் கொழுப்பும் தசையும் இறுகினால் மூட்டு மடங்காது, அந்தக் கால் மட்டும் வளர்த்தியில் பின்தங்கும். தானாக ஆறட்டும் என்று காத்திருக்காதே. அதற்குத்தான் நோய் எதிர்ப்பு சக்தியின் வேகத்தை அடக்கும் மெதோட்ரெக்சேட் மாத்திரை, கூடவே முதல் சில மாதம் ஸ்டீராய்டு. ஸ்டீராய்டை டாக்டர் சொன்ன கணக்கில்தான் குறைக்க வேண்டும், திடீரென்று நிறுத்தக் கூடாது.

மெதோட்ரெக்சேட் அளவு உடல் பரப்புக்கு, சதுர மீட்டருக்கு 15 மி.கி. பாப்பா 115 செ.மீ., 20 கிலோ என்றால் பரப்பு 0.8, வாரம் 12 மி.கி. அளவில் வரும். வாரத்துக்கு ஒரே நாள்! தினமும் கொடுத்தால் எலும்பு மஜ்ஜை பாதித்து உயிருக்கே ஆபத்து. கூடக் கொடுக்கும் ஃபோலிக் ஆசிட் (வைட்டமின்) மாத்திரையும் பெரும்பாலும் அதே மஞ்சள்தான், எளிதில் மாறிப்போகும். தனித்தனி டப்பாவில் வைத்து, கிழமையைப் பெரிதாக எழுதி ஒட்டு. வாந்தி எடுத்தால் நீயாக மறுபடி கொடுக்காதே. காய்ச்சலோ வாய்ப்புண்ணோ வந்தால் அடுத்த வேளைக்கு முன் டாக்டரைக் கேள். வேறு எதற்காவது மருந்து எழுதினாலும் மெதோட்ரெக்சேட் ஓடுகிறது என்று முதலில் சொல். கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் இதோடு சேரவே கூடாது. ரத்தப் பரிசோதனை தேதியைத் தள்ளிப்போடாதே. கண் சிவக்காவிட்டாலும் கண் டாக்டரிடம் ஸ்லிட் லேம்பில் (விளக்கு வைத்த நுண்ணோக்கி) கண்ணைப் பார்க்கச் சொல், உள்ளே அழற்சி சத்தமில்லாமல் இருக்கும்.

மே மாதம் இங்கே வரும்போது மாத்திரை நாளிலும் மறுநாளும் பயணம் வைக்காதே. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வளைவுகள் சும்மாவே குமட்டும். மூடுபனிதானே என்று வெயில் களிம்பை விட்டுவிடாதே, உயரத்தில் புற ஊதாக் கதிர் அதிகம். காலைக் குளிரில் மூட்டு விறைத்திருக்கும். வெந்நீர் ஊற்றிய பிறகு முழங்காலை நீட்டி மடக்கவை, வலிக்க இழுக்காதே.

மாதம் ஒருமுறை அதே வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து போட்டோ எடு. ஊதா ஓரம் அகன்றால் நோய் இன்னும் ஓடுகிறது. பழுப்புக் கறை மட்டும் மிச்சம் என்றால் அது தழும்பு, அதற்காக மருந்தை ஏற்ற வேண்டாம். அடங்கிய பிறகும் குறைந்தது 12 மாதம் மருந்து ஓடும்.

இரண்டு கால்களின் நீளத்தையும், தொடைச் சுற்றளவையும் இந்த வாரமே அளந்து எழுதி அனுப்பு.

அம்மா